‘லீமா’ மட்டும் ஏன் தப்பித்தது? ஸ்பானிஷ் செயப்பாட்டுவினை பற்றி ஒரு பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் வசதியாக இருக்கும். ஸ்பானிஷ் வகுப்பில் செயப்பாட்டுவினைப் பாடம் முடிந்திருக்கிறது. ‘ஸெர்’ என்ற வினை (‘எஸ்’, ‘ஃபுவே’, ‘ஃபுயி’ எல்லாம் அதன் வடிவங்கள்), அதோடு இறந்தகாலப் பெயரெச்சம், அப்புறம் ‘போர்’ (நம் ‘ஆல்’) போட்டுச் செய்தவர் பெயர் என்று சூத்திரம் கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்து நான்கு வாக்கியம் எழுதிப் போனீர்கள்:

‘எல் அர்ரோஸ் எஸ் கொமீதோ போர் லோஸ் இந்தியோஸ்’ (அரிசி இந்தியர்களால் உண்ணப்படுகிறது).
‘எல் வாஸோ ஃபுவே ரோத்தோ போர் மீ’ (கண்ணாடி டம்ளர் என்னால் உடைக்கப்பட்டது).
‘ஃபுயி தாதோ உன் லீப்ரோ போர் மி ப்ரொஃபெஸோரா’ (என் ஆசிரியையால் எனக்கு ஒரு புத்தகம் கொடுக்கப்பட்டது).
‘லீமா ஃபுவே ஃபுந்தாதா போர் பிஸாரோ என் 1535’ (லீமா 1535-இல் பிஸாரோவால் நிறுவப்பட்டது; லீமா பெருவின் தலைநகர், பிஸாரோ அந்த நாட்டைப் பிடித்த ஸ்பானியத் தளபதி).

ஆசிரியை முதல் மூன்றையும் அடித்துவிட்டார். மூன்றாவதன்மேல் இரண்டு கோடு. நான்காவதை மட்டும் விட்டுவிட்டார். சூத்திரம் நான்குக்கும் ஒன்றுதானே, பிறகு ஏன் என்கிறீர்கள். கூடவே இரண்டு சந்தேகம்: ‘விற்பனைக்கு’ என்ற பலகையில் ‘ஸெ வெந்தே’யா ‘ஸெ வெந்தென்’னா, கதவு ‘ஃபுவே ஸெர்ராதா’வா ‘எஸ்தா ஸெர்ராதா’வா.

(ஸ்பானிஷ் சொற்களை லத்தீன் அமெரிக்க உச்சரிப்புக்கு நெருக்கமாகத் தமிழில் எழுதுகிறேன். ‘வாஸோ’, ‘வெந்தே’ போன்ற சொற்களில் நான் ‘வ’ என்று எழுதும் இடத்தில் அவர்கள் வாயில் வருவது கிட்டத்தட்ட ‘ப’தான். பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்.)

உங்களுக்குக் கிடைத்த சூத்திரத்தில் தப்பில்லை. அது ஆங்கிலத்தின் வழியாக உங்களிடம் வந்ததுதான் பிரச்சினை. ஆங்கிலத்தில் செயப்பாட்டுவினை தினசரிச் சரக்கு. சமையலறையிலும் வரும், செய்தியிலும் வரும். ஸ்பானிஷில் ‘ஸெர்’ போட்ட செயப்பாட்டுவினை கோட்டு சூட்டு மாதிரி. பத்திரிகை, வரலாற்றுப் பாடம், நீதிமன்றத் தீர்ப்பு, அரசாங்க அறிவிப்பு ஆகிய இடங்களில் போட்டுக்கொள்வார்கள். வீட்டில் யாரும் போடுவதில்லை. ஆங்கிலத்தில் செயப்பாட்டுவினை வரும் பத்து இடத்தில் எட்டு ஒன்பதுக்கு ஸ்பானிஷ் வேறு வழியில் போகும். அந்த வேறு வழிகள் பெரும்பாலும் நம் பேச்சுத் தமிழ் போகும் வழிகள்தான். ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கும்போது நான் மாணவர்களிடம் முதலில் கேட்பது, ‘இதை உங்கள் அம்மாவிடம் எப்படிச் சொல்வீர்கள்?’ என்றுதான். ஆங்கிலம் நடுவில் வராமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பஸ்ஸில் பர்ஸ் போய்விட்டது என்று வையுங்கள். வீட்டுக்கு வந்து ‘என் பர்ஸ் திருடப்பட்டது’ என்றா சொல்வோம்? ‘பர்ஸை அடிச்சுட்டாங்க’ என்போம். அடித்தவன் ஒருத்தன்தான் என்று தெரிந்தாலும் ‘அடிச்சுட்டாங்க’தான். ஸ்பானிஷிலும் அச்சாக இதே: ‘மெ ரொபாரோன் லா கார்த்தேரா’. ‘ரொபாரோன்’ என்றால் ‘திருடினார்கள்’. படர்க்கைப் பன்மை. எழுவாய் கிடையாது. வாசலில் ஓர் ஆள் நின்று தட்டினாலும் நாம் ‘கதவைத் தட்டுறாங்க’ என்கிறோம், அவர்கள் ‘யாமான் ஆ லா புவேர்த்தா’ என்கிறார்கள். ‘அப்படித்தான் சொல்றாங்க’ என்பதற்கு ‘தீஸென்’. இதில் ஒரு நுணுக்கம். ‘அவர்கள்’ என்று பொருள்படும் ‘எயோஸ்’ஸை முன்னால் சேர்த்துவிட்டால் விஷயமே மாறிவிடும். ‘எயோஸ் மெ ரொபாரோன்’ என்றால் குறிப்பிட்ட சில பேரைக் கை நீட்டிக் காட்டுகிறீர்கள். தமிழிலும் ‘அவங்க அடிச்சுட்டாங்க’ என்றால் ‘எவங்க?’ என்றுதானே அடுத்த கேள்வி வரும். பெயரை விடும்போதுதான் ‘யாரோ’ என்ற பொருள் கிடைக்கிறது.

இங்கேயே உங்கள் மூன்றாவது வாக்கியத்தையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் இரண்டு கோடு வாங்கியது அது. ஆங்கிலத்தில் புத்தகத்தைப் பெற்றவரையே எழுவாயாக உட்கார வைத்துச் செயப்பாட்டுவினை எழுதலாம். ஸ்பானிஷில் அது நடக்கவே நடக்காது. ‘ஃபுயி தாதோ’ என்றால் ‘நான் கொடுக்கப்பட்டேன்’. உங்களையே யாரோ தூக்கிக் கொடுத்துவிட்ட மாதிரி. தமிழும் இதை அனுமதிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்களே அடைப்புக்குறிக்குள் ‘எனக்கு ஒரு புத்தகம் கொடுக்கப்பட்டது’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ‘எனக்கு’ நான்காம் வேற்றுமையிலேயே நிற்கிறது, எழுவாய் புத்தகம். ஸ்பானிஷும் அந்த ‘எனக்கு’வை, அதாவது ‘மெ’யை, அசைக்க விடாது. விறைப்பாகச் சொல்ல வேண்டுமென்றால் ‘மெ ஃபுவே தாதோ உன் லீப்ரோ’ என்று இலக்கணப்படி சொல்லலாம், சொல்பவர்தான் இல்லை. ‘மெ தியேரோன் உன் லீப்ரோ’, எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கொடுத்தது ஆசிரியை என்று தெரிந்திருக்கும்போது சுற்றி வளைக்கவே வேண்டாம்: ‘மி ப்ரொஃபெஸோரா மெ தியோ உன் லீப்ரோ’. ‘என்னிடம் சொன்னார்கள்’ என்பதற்கும் இதே கணக்கு, ‘மெ திஹேரோன்’. ஆங்கிலத்தில் பிறப்பைக்கூடச் செயப்பாட்டில் சொல்வார்கள். அதைப் பார்த்து ‘ஃபுயி நாஸீதோ’ என்று எழுதும் மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் ஒரு தேர்வில் நானும் எழுதி மதிப்பெண் இழந்தேன். ஸ்பானிஷில் ‘நாஸீ’, ஒரே சொல். பிறந்தேன். தமிழனுக்கு இதில் தடுக்கி விழ எந்த நியாயமும் இல்லை, ஆனால் விழுந்தேன்.

சரி, லீமாவுக்கு வருவோம். அந்த வாக்கியம் ஏன் தப்பித்தது? அது வரலாற்று நடை. பிரான்ஸிஸ்கோ பிஸாரோ 1535 ஜனவரியில் அந்த ஊரை நிறுவியது ஒரு முறை நடந்து முடிந்த செயல். பேச்சின் மையம் ஊர். செய்தவருக்குப் பெயர் உண்டு, அவரையும் சொல்லியாக வேண்டும். மூன்றும் சேரும் இடத்தில்தான் ‘ஸெர்’ செயப்பாட்டுவினை தன் வீட்டில் இருப்பதுபோல் இருக்கும். ஆறு வருடம் கழித்து, 1541-இல், அதே லீமாவில் பிஸாரோவைக் கொன்றார்கள். அதைப் பாடப்புத்தகம் ‘பிஸாரோ ஃபுவே அஸெஸினாதோ என் 1541’ என்று எழுதும். 2010-இல் பெரு நாட்டு எழுத்தாளர் வர்காஸ் யோஸாவுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது பத்திரிகைகளுக்குப் பொருத்தமான வினை ‘ஃபுவே கலார்தொனாதோ’, பரிசளிக்கப்பட்டார். கைதுசெய்யப்பட்டார் (‘தெதெனீதோ’), தேர்ந்தெடுக்கப்பட்டார் (‘எலெஹீதோ’), சட்டம் நிறைவேற்றப்பட்டது (‘அப்ரொபாதா’) என்று நாளிதழில் தினமும் பார்க்கலாம். நம் நாளிதழிலும் ‘கைது செய்யப்பட்டார்’தான், டீக்கடையில் ‘அரெஸ்ட் பண்ணிட்டாங்க’தான்.

லீமா ‘ஃபுந்தாதா’, பிஸாரோ ‘அஸெஸினாதோ’. ஒன்று ஆகாரத்தில் முடிகிறது, மற்றது ஓகாரத்தில். ஊர் பெண்பால், ஆள் ஆண்பால். ‘ஸெர்’ரோடு வரும்போது பெயரெச்சம் எழுவாயின் பாலுக்கும் எண்ணுக்கும் ஒத்துப்போகும். இரண்டு கடிதம் என்றால் ‘லாஸ் கார்த்தாஸ் ஃபுவேரோன் எஸ்க்ரீத்தாஸ்’. ஆனால் ‘அபேர்’ என்ற துணைவினையோடு வரும்போது அது அசையாது: ‘மரீயா ஆ எஸ்க்ரீத்தோ லா கார்த்தா’. எழுதியவள் பெண், கடிதம் பெண்பால், இருந்தும் ‘எஸ்க்ரீத்தோ’. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் வேடிக்கையாக இருக்கும்: ‘லா கார்த்தா ஆ ஸீதோ எஸ்க்ரீத்தா’. ‘ஸீதோ’ கல் மாதிரி நிற்கும், ‘எஸ்க்ரீத்தா’ கடிதத்தோடு இணங்கும். ‘எஸ்க்ரீத்தோ’ (எழுதிய), ‘அபியேர்த்தோ’ (திறந்த), ‘ஏச்சோ’ (செய்த), ‘ரோத்தோ’ (உடைந்த), ‘புவேஸ்தோ’ (வைத்த), ‘வீஸ்தோ’ (பார்த்த) போன்றவை விதிக்கு அடங்காதவை. பத்துப் பதினைந்துதான், மனப்பாடம் செய்துவிடுங்கள், வேறு வழியில்லை.

இனி ‘ஸெ’. இந்தப் பதிலில் நான் அதிக நேரம் செலவழிக்கப் போவது இந்த ஒற்றை எழுத்தில்தான். ஸ்பானிஷின் உண்மையான செயப்பாட்டுவினை எது என்று கேட்டால் என் ஓட்டு இதற்குத்தான்.

உருளைக்கிழங்கு தோர்த்தீயா செய்யும் குறிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்பெயினில் வீட்டுக்கு வீடு செய்யும் முட்டை அடை. குறிப்பு இப்படித் தொடங்கும்: ‘ஸெ பேலான் லாஸ் பாத்தாத்தாஸ்’. உருளைக்கிழங்கைத் தோல் சீவவும். ‘ஸெ கோர்த்தான் என் ரொதாஹாஸ்’, வட்டமாக நறுக்கவும். ‘ஸெ பாத்தென் லோஸ் வேவோஸ்’, முட்டைகளை அடித்துக்கொள்ளவும். ‘ஸெ அன்யாதெ லா ஸால்’, உப்புச் சேர்க்கவும். யார் சீவுவது, யார் அடிப்பது? சொல்வதில்லை. சமைக்கிற யாரோ. நம் சமையல் குறிப்பின் ‘-வும்’ செய்யும் வேலையை அங்கே ‘ஸெ’ செய்கிறது.

இப்போது வினைகளின் வாலைப் பாருங்கள். ‘பேலான்’, ‘கோர்த்தான்’, ‘பாத்தென்’ எல்லாம் ‘ன்’னில் முடிகின்றன. ‘அன்யாதெ’ மட்டும் இல்லை. கிழங்குகள் பன்மை, முட்டைகள் பன்மை, உப்பு ஒருமை. அதாவது வினை ஒத்துப்போவது சீவப்படும் கிழங்கோடு. இலக்கணப்படி கிழங்குதான் எழுவாய். கிழங்குகள் தம்மைத் தாமே சீவிக்கொள்கின்றன என்பதுபோல வாக்கியம் அமைந்திருக்கிறது, ஆனால் யாரும் அப்படிப் புரிந்துகொள்வதில்லை. தனக்கு, தன்னை என்ற பொருளில் இருந்த ‘ஸெ’ தேய்ந்து தேய்ந்து ‘யாரோ செய்தார்கள், யாரென்பது முக்கியமில்லை’ என்ற பொருளுக்கு வந்துவிட்டது.

இதில் உங்கள் ‘ஸெ வெந்தே’ கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. விற்கும் பொருள் பன்மையானால் ‘ஸெ வெந்தென் காஸாஸ்’, வீடுகள் விற்பனைக்கு. ஒரு வீடானால் ‘ஸெ வெந்தே காஸா’. ஒரு வீட்டு வாசலில் வெறுமனே ‘ஸெ வெந்தே’ என்று பலகை தொங்கினால் அந்த வீடுதான் எழுவாய், பெயரைச் சொல்லத் தேவையில்லை. ‘ஸெ அல்கீலா’ என்றால் வாடகைக்கு. தெருவில் போனால் ‘ஸெ வெந்தே காஸாஸ்’ என்று ஒருமை வினையோடு எழுதிய பலகைகளும் கண்ணில் படும், நீங்கள் குழம்பியதே அதனால்தான் என்று நினைக்கிறேன். 1713-இல் தொடங்கிய ஸ்பானிஷ் மொழிக் கழகமான ரியல் அகாதெமியா, பன்மைக்குப் பன்மையே சரி என்கிறது. தேர்வில் ‘வெந்தென்’ எழுதுங்கள். பலகை எழுதியவரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

ஆள்கள் வந்தால் ஒரு திருப்பம் உண்டு. ‘ஸெ ஆயூதான் லோஸ் நீன்யோஸ்’ என்றால் என்ன? ‘குழந்தைகளுக்கு உதவி செய்யப்படுகிறது’ என்று சொல்ல நினைத்திருப்பீர்கள். கேட்பவருக்கோ ‘குழந்தைகள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிறார்கள்’ என்றுதான் படும். கிழங்கு தன்னைத்தானே சீவாது, ஆனால் குழந்தை குழந்தைக்கு உதவுமே! அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க ஸ்பானிஷ் ஒரு வேலை செய்கிறது. ஆள்களுக்கு முன்னால் ‘ஆ’ என்ற உருபைப் போட்டு அவர்களைச் செயப்படுபொருளாக்கிவிட்டு, வினையை ஒருமையில் நிறுத்திவிடும்: ‘ஸெ ஆயூதா ஆ லோஸ் நீன்யோஸ்’. இப்போது உதவுவது வேறு யாரோ. குற்றவாளிகளைத் தேடுகிறார்கள் என்பதற்கு ‘ஸெ பூஸ்கா ஆ லோஸ் குல்பாப்லெஸ்’. ஆள்கள் பன்மை, வினை ஒருமை. ‘ஆ’ வந்தால் வினை ஒருமை, இதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். பாடப்புத்தகங்கள் இதை வேறு பெயரில், எழுவாயில்லாத ‘ஸெ’ என்று தனியாக வைப்பார்கள்.

எழுவாயே இல்லாத இந்த ‘ஸெ’ செயப்படுபொருள் குன்றிய வினைகளோடும் வரும். அங்கேதான் தமிழ் மாணவர்களின் முகம் மலரும். ‘இதை ஸ்பானிஷ்ல எப்படிச் சொல்றது?’ என்று கேட்கிறோம். சொல்வது யார்? யாருமில்லை, எல்லாரும்தான். ‘கோமோ ஸெ தீஸெ எஸ்தோ என் எஸ்பன்யோல்?’ வழியில் நிறுத்தி ‘மியூசியத்துக்கு எப்படிப் போறது?’ என்றால் ‘கோமோ ஸெ யேகா அல் முஸேயோ?’ சேட்டை பண்ணுகிற பிள்ளையிடம் ‘அப்படியெல்லாம் பண்ணக் கூடாது’ என்று அம்மா சொன்னால் ‘எஸோ நோ ஸெ ஆஸெ’. நம் ‘சொல்றது’, ‘போறது’, ‘பண்ணக் கூடாது’ எதிலும் ஆள் இல்லை. அவர்களுடைய ‘ஸெ’யிலும் இல்லை.

‘ஸெ’ வாக்கியத்தில் செய்தவர் பெயரைச் சேர்க்கக் கூடாது. ‘ஸெ பேலான் லாஸ் பாத்தாத்தாஸ் போர் மி மத்ரே’ (என் அம்மாவால்) என்று எழுதினால் எந்த ஆசிரியரும் அடிப்பார். சட்ட ஆவணங்களிலும் ஒப்பந்தங்களிலும் ‘போர்’ எட்டிப் பார்ப்பதுண்டு, அதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. செய்தவரைச் சொல்ல வேண்டும் என்றால் நேரடியாகச் செய்வினையில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கோட்டு சூட்டுப் போட்டு ‘ஸெர்’.

இந்த நிலைமை இன்று நேற்று வந்ததல்ல. லத்தீனில் செயப்பாட்டுவினை வினையின் விகுதியிலேயே இருந்தது. ‘அமாத்துர்’ என்று ஒரே சொல்லில் ‘நேசிக்கப்படுகிறார்’ என்று சொல்லிவிடுவார்கள். அந்த விகுதிகள் ஸ்பானிஷுக்கு வந்து சேரவில்லை. 1492-இல் அந்தோனியோ தெ நெப்ரிஹா காஸ்தீய மொழிக்கு, அதாவது இன்று நாம் ஸ்பானிஷ் என்னும் மொழிக்கு, முதல் அச்சு இலக்கணத்தை ஸலமான்காவில் வெளியிட்டபோதே, இந்த மொழியில் இருப்பது செய்வினை மட்டும்தான் என்று எழுதிவிட்டார். செயப்பாட்டை ஈடுகட்ட அவர் காட்டிய வழிகளில் ஒன்று ‘ஸெர்’ரும் பெயரெச்சமும், இன்னொன்று ‘ஸெ’. ‘அமான்ஸெ லாஸ் ரிகேஸாஸ்’, செல்வங்கள் நேசிக்கப்படுகின்றன, என்று எடுத்துக்காட்டும் கொடுத்திருக்கிறார். அவர் காட்டிய எடுத்துக்காட்டிலும் வினை செல்வங்களோடு ஒத்துப் பன்மையில் நிற்கிறது.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு பழைய சொந்தம் உண்டு. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்கு என்கிறது தொல்காப்பியம். உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு: ‘திண்ணை மெழுகிற்று’. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளாது, யாரோ மெழுகினார்கள். வாக்கியமோ திண்ணையை எழுவாயாக்கி, செய்வினை வடிவிலேயே நின்றுவிடுகிறது. கிழங்குகள் ‘ஸெ பேலான்’ என்பதும் இதே ஏற்பாடுதான். என்ன, அங்கே ‘ஸெ’ என்று ஓர் அடையாளம் குத்தியிருக்கிறார்கள், நாம் அதுகூட இல்லாமல் விட்டுவிட்டோம்.

அடுத்து உங்கள் உடைந்த டம்ளர். இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். தமிழில் ‘உடைந்தது’ வேறு, ‘உடைத்தேன்’ வேறு. தன்வினை, பிறவினை. உருகு, உருக்கு. திரும்பு, திருப்பு. நாம் வினையடியையே மாற்றி இரண்டையும் பிரித்துக்கொள்கிறோம். ஸ்பானிஷ் அடியை மாற்றாது, பிறவினையின்மேல் ‘ஸெ’யைப் போடும். ‘ரொம்பியோ எல் வாஸோ’ என்றால் டம்ளரை உடைத்தார். ‘ஸெ ரொம்பியோ எல் வாஸோ’ என்றால் டம்ளர் உடைந்தது. ‘தெர்ரெதீர்’ உருக்குவது, ‘தெர்ரெதீர்ஸெ’ உருகுவது. கறாராகப் பார்த்தால் இது செயப்பாட்டுவினை இல்லை, யாரும் உடைக்காமலே உடைந்திருக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் செயப்பாட்டில் யோசிக்கப் பழகியவர்கள் இங்கே தேவையில்லாமல் ‘ஃபுவே ரோத்தோ’ போடுகிறார்கள். அதற்கு ‘யாரோ உடைத்தார்கள்’ என்ற கனம் வந்துவிடும், போலீஸ் அறிக்கை மாதிரி.

அதிலும் ‘போர் மீ’, ‘என்னால்’ என்று ஒப்புதல் வாக்குமூலம் வேறு கொடுத்திருக்கிறீர்கள்! விருந்துக்குப் போன வீட்டில் டம்ளர் கைதவறி விழுந்தால் சொல்ல வேண்டியது ‘ஸெ மெ காயோ எல் வாஸோ’, அல்லது ‘ஸெ மெ ரொம்பியோ’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘எனக்கு விழுந்துபோச்சு’, ‘எனக்கு உடைஞ்சுபோச்சு’. டம்ளர் எழுவாய், நான் நான்காம் வேற்றுமையில் ஓரமாகப் பாவம்போல் நிற்கிறேன். ‘எனக்கு மறந்துபோச்சு’ என்கிறோமே, அதுதான் ‘ஸெ மெ ஒல்விதோ’. மறந்தது சாவிகள் என்றால் வினையும் பன்மை: ‘ஸெ மெ ஒல்விதாரோன் லாஸ் யாவெஸ்’. ‘எனக்கு நேரமாயிடுச்சு’ என்று விடைபெறுகிறோம், அவர்கள் ‘ஸெ மெ இஸோ தார்தே’ என்கிறார்கள். இதை மற்ற மொழிக்காரர்களுக்கு விளக்க ஆசிரியர்கள் அரைமணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். தமிழில் ‘எனக்குப் பசிக்குது’, ‘எனக்கு மறந்துபோச்சு’ என்று வளர்ந்த நமக்கு இது பிறந்த வீடு. ‘ரொம்பீ எல் வாஸோ’, டம்ளரை உடைத்தேன், என்பதும் சரியான வாக்கியம்தான். பொறுப்பை முழுக்க ஏற்றுக்கொள்கிறீர்கள், அவ்வளவே.

கதவு விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். ‘கதவு சாத்தியிருக்கு’ என்றால் இப்போதைய நிலை: ‘லா புவேர்த்தா எஸ்தா ஸெர்ராதா’. ‘கதவு எட்டு மணிக்குச் சாத்தப்பட்டது’ என்றால் நடந்த செயல்: ‘லா புவேர்த்தா ஃபுவே ஸெர்ராதா ஆ லாஸ் ஓச்சோ’. முதலாவதில் ‘எஸ்தார்’, இரண்டாவதில் ‘ஸெர்’. தமிழில் ‘-இருக்கு’ வருமா என்று பாருங்கள், வந்தால் ‘எஸ்தார்’. கடை மூடியிருக்கு, கடிதம் ஸ்பானிஷில் எழுதியிருக்கு, மேஜை துடைத்திருக்கு, எல்லாம் ‘எஸ்தார்’. ‘யார், எப்போது’ என்ற கேள்வி பொருந்தினால் ‘ஸெர்’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம் என்பதால்தான் இவ்வளவு குழப்பம். ஒரு நிகழ்வின் விளைவாக எதில் போய் முடிந்தது என்று சொல்ல ‘கெதார்’ என்ற வினையும் உண்டு. 1746 அக்டோபர் நிலநடுக்கத்தைப் பற்றி எழுதும்போது ‘லீமா கெதோ தெஸ்த்ருயீதா’, லீமா அழிந்துகிடந்தது என்பார்கள். விபத்துச் செய்தியில் ‘மூவர் காயமடைந்தனர்’ என்பதற்கு ‘ரெஸுல்தாரோன் எரீதோஸ்’. நாளிதழ் படிக்கத் தொடங்கினால் இவை தானாகப் பழகிவிடும்.

அரிசி வாக்கியத்தை மறக்கவில்லை. ‘எஸ் கொமீதோ’ என்று நிகழ்காலத்தில் ‘ஸெர்’ வைப்பது பெரும்பாலும் ஒட்டாது. அந்த அமைப்புக்கு லீமா மாதிரி நடந்து முடிந்த ஒற்றை நிகழ்வுதான் பிடிக்கும், தினசரிப் பழக்கம் பிடிக்காது. செய்பவரும் ஒரு நாடே என்னும்போது ‘போர்’ போட்டுச் சொல்ல என்ன இருக்கிறது? ‘என் லா இந்தியா ஸெ கோமெ மூச்சோ அர்ரோஸ்’. இந்தியாவில் நிறைய அரிசி சாப்பிடுகிறார்கள். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. லத்தீன் அமெரிக்காவில் ‘இந்தியோஸ்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது அங்குள்ள பூர்வகுடிகள், சில வாய்களில் அது வசவும்கூட. ஊர்ப் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒன்று. செய்தவரும் முக்கியம், ஆனால் செயப்படுபொருளைத்தான் முன்னால் வைக்க வேண்டும் என்றால் பேச்சில் என்ன செய்வார்கள்? தமிழில் நமக்கு வேற்றுமை உருபு இருப்பதால் சொற்களை இடம் மாற்றினால் போதும்: ‘இந்தப் படத்தை வரைஞ்சது பிகாஸோ’. ஸ்பானிஷிலும் பொருளை முன்னால் கொண்டுவரலாம், ஆனால் அதைச் சுட்டும் ஒரு குட்டிப் பிரதிப்பெயரை வினைக்கு முன் வைக்க வேண்டும்: ‘எல் கெர்னிகா லோ பிந்தோ பிகாஸோ’. கெர்னிகாவை, அதை, வரைந்தார் பிகாஸோ. ஆண்பாலுக்கு ‘லோ’, பெண்பாலுக்கு ‘லா’. செயப்பாட்டுவினை தரும் வசதி எல்லாம் இதில் இருக்கிறது, விறைப்பு மட்டும் இல்லை. ஆசிரியை அடிக்காமல் விட்ட உங்கள் நான்காவது வாக்கியத்தையே அடுத்த முறை காப்பி குடிக்கும்போது அவரிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள், லீமாவை யார் நிறுவியது என்று. அநேகமாக ‘ஃபுவே ஃபுந்தாதா’ வராது. ‘லீமா லா ஃபுந்தோ பிஸாரோ’ என்பார்.